மாதம் முதலில், நாடு அப்புறம்: காரைக்குடியிலிருந்து வெளிநாட்டுக் கடற்கரைக்கு முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

வெயில் காய வெளிநாடு போகிறேன் என்று செட்டிநாட்டில் யாரிடமாவது சொன்னால் சிரித்துவிடுவார்கள். சித்திரையில் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாத ஊர் இது. இங்கே இல்லாத வெயிலா அங்கே இருக்கப் போகிறது?

நியாயமான கேள்விதான். ஆனால் நாம் தேடிப் போவது சூட்டை அல்ல. மழை தொந்தரவு இல்லாத வானம், அலை அடங்கிய நீலக் கடல், 30 டிகிரியை ஒட்டிய இதமான வெயில், மாலையில் காற்று. இந்த நான்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிற இடம் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும். இது தெரியாமல்தான் பலர், "பக்கத்து வீட்டில் புக்கெட் போய் வந்தார்கள், நாமும் போவோம்" என்று நாட்டை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் போனது ஜனவரியில். நீங்கள் போகப் போவது ஜூனில். ஊர் ஒன்றுதான், கடல் வேறு.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மாதம், கரை, விமானம், கூட வருகிற ஆட்கள். நாட்டின் பெயர் தானாகவே கடைசியில் வந்து நிற்கும்.

படி 1: எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வருஷத்தில் நான்கு இடைவெளிதான். மே மாத விடுமுறை, செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, பொங்கலை ஒட்டிய நாட்கள். இதில் நம் பக்கத்துக் கணக்கையும் கழியுங்கள். தை, ஆவணி முகூர்த்தங்கள், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் வீட்டில் இருந்தால் தைப்பூசம் முடிகிற வரை, மார்கழியில் பிள்ளையார் நோன்பு, அப்புறம் திடீரென்று தேதி குறிக்கப்படும் சாந்திக் கல்யாணம், படைப்பு. இவ்வளவும் போக மிஞ்சுவதுதான் உங்கள் மாதம். அதைக் காலண்டரில் பென்சிலால் வட்டமிட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிச் சரி வாங்கிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: அந்த மாதத்தில் எந்தக் கரை காய்ந்திருக்கும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்கிறவர்கள் இதைப் படியுங்கள்.

நமக்குத் தெற்கேயும் கிழக்கேயும் இருக்கிற கடற்கரைகளை, புதிதாக எதையும் மனப்பாடம் செய்யாமல் நாம் பிரித்துவிடலாம். ஒன்று கேரளக் கட்சி, மற்றொன்று நம் கட்சி. ஜூனில் தென்மேற்குக் காற்று வரும்போது கேரளத்தில் கொட்டும், நமக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று திரும்பும்போது நமக்கு அடைமழை. மேற்கைப் பார்த்த கரைகள் பெரும்பாலும் கேரளத்தோடு நனையும், கிழக்கைப் பார்த்த கரைகள் நம்மோடு நனையும்.

கேரளக் கட்சியில் தாய்லாந்தின் புக்கெட், கிராபி, இலங்கையின் பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ, வியட்நாமின் பூ குவோக் தீவு, அப்புறம் மாலத்தீவு. இங்கெல்லாம் மே முதல் அக்டோபர் வரை மழையும் கொந்தளிப்பும். டிசம்பர் முதல் மார்ச் வரை பளிச்சென்று இருக்கும். மலேசியாவின் லங்காவியையும் இங்கேயே சேர்க்கலாம். அங்கே செப்டம்பர், அக்டோபர்தான் மிக மோசம்.

நம் கட்சியில் இலங்கையின் திருகோணமலை, பாசிக்குடா, மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகள், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சாமுய், வியட்நாமின் தா நாங். நம் வீட்டில் தூவானம் அடிக்கிற நாட்களில் அங்கேயும் வானம் இருண்டிருக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் விடுதிகள் பலவும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூட்டியே கிடக்கும். படகே ஓடாது. நம் கோடை விடுமுறையில்தான் அவை களைகட்டும்.

புக்கெட்டும் கோ சாமுயும் ஒரே நாடு, விமானத்தில் ஒரு மணி நேரத் தூரம். ஜூலையில் ஒன்றில் குளிக்காதே என்கிற சிவப்புக் கொடி பறக்கும், மற்றொன்றில் குழந்தைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள். "தாய்லாந்து எப்போது போகலாம்?" என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாதது இதனால்தான்.

மூன்றாவதாக, எந்தக் கட்சியிலும் சேராதவை. பாலியும் மொரிஷியஸும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவம் தலைகீழ். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலர் காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மொரிஷியஸில் ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம் உண்டு; மே முதல் நவம்பர் வரை இதமாக இருக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே கடல்நீர் நமக்குக் கொஞ்சம் குளிரும், கிழக்குக் கரையில் காற்றும் வீசும். அந்த மாதங்களில் போனால் மேற்குக் கரையில் ஃப்ளிக் அன் ஃப்ளாக் பக்கம் அறை எடுங்கள். (மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் அசந்து போவார்கள், அது தனி சந்தோஷம்.)

துபாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். மே விடுமுறையில் துபாய்க்குப் போவது, நம் வெயிலை விட்டு அதைவிடப் பெரிய வெயிலுக்குப் போவது. அந்த மாதத்தில் பேக்கேஜ் ஏன் அவ்வளவு மலிவு என்று கேட்காமலே புரியும்.

பொதுவாகவே "அதிரடித் தள்ளுபடி" விளம்பரத்தைப் பார்த்தால் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஜூன் மாத மாலத்தீவு, அக்டோபர் லங்காவி, பிப்ரவரி பாலி. தள்ளுபடி மழைக்குத்தான். அப்படியும் போகலாம், மழைக்காலம் என்றால் நாள் முழுக்கக் கொட்டும் என்று அர்த்தமில்லை. ஆனால் தெரிந்தே போக வேண்டும்.

படி 3: இரண்டு எண்களைச் சரிபாருங்கள்

கரை முடிவானதும் அந்த ஊரின் மாதவாரி காலநிலை அட்டவணையை இணையத்தில் தேடுங்கள். எல்லோரும் முதலில் வெப்பநிலையைப் பார்ப்பார்கள். வெப்பமண்டலத்தில் அதில் தெரிய ஒன்றுமில்லை. பெரும்பாலான ஊர்களில் வருஷம் முழுக்க 28 முதல் 33 வரை ஓடும்.

பார்க்க வேண்டியது மாத மழையளவும் மழை நாட்களின் எண்ணிக்கையும். வெப்பமண்டலத்தில் 60 மில்லிமீட்டருக்குக் கீழே பெய்தால் அதை உலர் மாதம் என்பது காலநிலை ஆய்வாளர்களின் வழக்கம். 150 வரை இருந்தால் மாலையில் ஒரு மழை அடித்து ஓயும், சமாளிக்கலாம். 250-ஐத் தாண்டினால் நான் அந்த மாதத்துக்கு வேறு ஊர் பார்ப்பேன். 'பத்து நாள் முன்னறிவிப்பு' காட்டுகிற செயலிகளை இப்போதே திறக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் போகிற பயணத்துக்கு அவை உதவாது.

படி 4: திருச்சியா, மதுரையா, சென்னையா?

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையமும் மதுரை விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 90 கிலோமீட்டர் சுமார். திருச்சியிலிருந்து கொழும்பு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்க்கு நேரடி விமானம் உண்டு. கொழும்புக்கு ஒரு மணி நேரம், கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம். மதுரையிலிருந்தும் கொழும்பு, துபாய் போகலாம். கால அட்டவணை அடிக்கடி மாறும் என்பதால் உங்கள் தேதியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சென்னையில் டிக்கெட் மூவாயிரம் குறைவு என்று தெரிந்தால் உடனே தாவ வேண்டாம். சென்னைக்கு ரயில், அங்கே ஒரு வேளைச் சாப்பாடு, விமான நிலையத்துக்கு வண்டி, திரும்பும்போதும் அதே செலவு. பெட்டியும் படுக்கையுமாக நான்கு பேர் போய் வந்தால் அந்த மூவாயிரம் எங்கே போனதென்றே தெரியாது.

பாலி, ரெடாங் போன்ற இடங்களுக்கு விமானம் மாற வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேராகப் போய்ச் சேரும், நீங்கள் உள்ளேயே மாறிக்கொள்ளலாம். தனித்தனியாக மலிவு டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை வாங்கி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் அப்படி வெளியே வர இந்தியர்களுக்கு விசா வேண்டும். டிக்கெட் வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: கூட யார் வருகிறார்கள்?

அழகான தீவுப் படங்களில் படகுத்துறை இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் இருக்காது. படகு கரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். சின்ன ஏணியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில், அலை தள்ள, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கண்டாங்கிச் சேலை கட்டிய அப்பத்தாவை அந்த ஏணியில் நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் வந்தால் அறை வாசலுக்கே கார் போகிற கடற்கரைதான் சரி.

மாலத்தீவில் இன்னொரு விஷயம். அறை வாடகையைப் பார்த்துவிட்டு மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. மாலே விமான நிலையத்திலிருந்து விடுதித் தீவுக்குப் பெரும்பாலும் விரைவுப் படகோ கடல் விமானமோதான். கடல் விமானம் என்றால் ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும். மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவில் தங்கினால் செலவு வெகுவாகக் குறையும். அங்கே உடை விஷயத்தில் உள்ளூர் வழக்கத்தை மதிக்க வேண்டும், நம் குடும்பங்களுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.

பிள்ளைகள் இருந்தால் அலையைத் தடுக்கும் பவளப்பாறை அரண் உள்ள கடலாகப் பாருங்கள். பாலியில் எல்லோரும் சொல்கிற கூட்டாவில் அலை ஆளைப் புரட்டும். சனூரும் நுசா துவாவும் அமைதியானவை. எங்கே போனாலும் சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்க வேண்டாம். கண்மாயிலும் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்களுக்குத்தான் இதில் துணிச்சல் அதிகம். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்துக்கு அந்த நீச்சல் காணாது. மாட்டிக்கொண்டால் அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அப்பத்தா. மே இரண்டாம் வாரம், ஐந்து இரவு.

மே என்றதும் கேரளக் கட்சி அவுட். புக்கெட், மாலத்தீவு, பெந்தோட்டை மூன்றையும் அடித்துவிடுங்கள். துபாயும் போச்சு. மிஞ்சுவது திருகோணமலை, ரெடாங், கோ சாமுய், தா நாங், பாலி, மொரிஷியஸ். ரெடாங்குக்குக் கோலாலம்பூர், அங்கிருந்து கோல திரங்கானு, அப்புறம் படகு. அப்பத்தாவுக்கு ஆகாது. ஐந்து இரவுக்கு மொரிஷியஸ் தூரம் அதிகம். கோ சாமுயும் தா நாங்கும் போகலாம்தான், ஆனால் அப்பத்தாவுக்குச் சைவச் சாப்பாடு தேடி அலைய நேரிடும்.

கடைசிச் சுற்றில் திருகோணமலையும் பாலியும். பாலியில் பகலில் 30, 31 டிகிரி, இரவில் இதம். விமானம் மாற வேண்டும், ஒரு நாள் பயணத்திலேயே போகும். திருகோணமலைக்குக் கொழும்பு வரை ஒரு மணி நேரம், அப்புறம் சாலையில் ஆறு மணி நேரம் போல ஆகும். நடுவில் தம்புள்ளையில் ஓர் இரவு தங்கினால் அலுப்புத் தெரியாது. மே மாதத்தில் அங்கே வெயில் நம்மூர் வெயிலுக்குச் சளைத்ததல்ல, அதை மறைக்கவில்லை. ஆனால் திருகோணமலையை ஒட்டிய நிலாவெளியில் கடல் ஊரணித் தண்ணீர் மாதிரி கிடக்கும். பிள்ளைகள் புறாத்தீவுக்குப் போய்ப் பவளப்பாறையும் மீனும் பார்க்கலாம். அப்பத்தாவுக்குக் கோணேசர் கோயில், பேசத் தமிழ், சாப்பிட இட்லி. நான் திருகோணமலைக்கே ஓட்டுப் போடுவேன். அப்பத்தா வரவில்லை என்றால் பாலி.

இதே குடும்பம் டிசம்பர் கடைசியில் கிளம்பினால் கட்சி மாறிவிடும். லங்காவி, கிராபி, காலி. கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும்; பொங்கல் வரை பொறுக்க முடிந்தால் கொஞ்சம் இறங்கும். லங்காவியோடு பினாங்கைச் சேர்த்துக்கொண்டால் தண்ணீர்மலையில் நகரத்தார் கட்டிய முருகன் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். பினாங்கில் குளிக்க மட்டும் ஆசைப்பட வேண்டாம், லங்காவிக் கடல்தான் நல்ல கடல்.

படி 6: காகித வேலை

திரும்பும் தேதிக்கு அப்புறமும் ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். முதலில் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள், அதுதான் சீக்கிரம் காலாவதியாகும். செட்டிநாட்டில் சிவகங்கை மாவட்டத்து ஊர்க்காரர்களுக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குத் திருச்சி. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மாலத்தீவும் மொரிஷியஸும் சுற்றுலாவுக்குப் போகிற இந்தியர்களிடம் முன்கூட்டி விசா கேட்பதில்லை, மலேசியா 2023 டிசம்பரில் விசா விலக்குக் கொடுத்தது. டிக்கெட் போடுகிற அன்று அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று விற்பவரே முன்கூட்டி வரி பிடிப்பார். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் பெட்டியில் ஒரு பொருள். நம் தோல் கறுப்பு, வெயில் ஒன்றும் செய்யாது என்ற நினைப்பில் பலர் சன்ஸ்கிரீன் வாங்குவதே இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் நடுப்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும், மேகம் இருந்தாலும் சுடும். ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மிதந்தபடி மீன் பார்ப்பது) செய்யும்போது தண்ணீரின் குளிர்ச்சியில் முதுகு வேகுவது தெரியாது. அன்று இரவு மல்லாந்து படுக்க முடியாமல் போகும்போதுதான் தெரியும். பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்குங்கள், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களில் பவளப்பாறையைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனுக்குத் தடை இருப்பதால் டப்பாவின் பின்பக்கத்தையும் படித்துவிடுங்கள். இரண்டையும் இங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தீவுக் கடைகளில் வாங்கினால் விலை கூடுதல்.