நாற்காலி தூக்க மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் போன்ற தோட்டப்புற ஊரில் கோயில் திருவிழா வந்தால் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? நாற்காலி அடுக்குவது, தண்ணீர்ப் பந்தலில் நிற்பது, கடைசியில் குப்பை பொறுக்குவது. தொண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இதிலேயே பையனுக்குத் தலைமைத்துவம் வந்துவிடும் என்று நம்புவது பெரிய தவறு. எத்தனை நாற்காலி, எங்கே போடுவது, மழை வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையை எல்லாம் பெரியவர்களே வைத்துக்கொள்கிறோமே!

ஒரு வேலையை முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பந்தலை நான்காம் படிவம் (16 வயது) படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேரிடம் விடலாம். செலவுக் கணக்கு, ஐஸ் வாங்குவது, யார் எப்போது நிற்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. உச்சி வெயிலில் ஐஸ் தீர்ந்துபோகும், இரண்டு பேர் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஓர் அண்ணன் வந்து, "தள்ளு, நான் பார்த்துக்கிறேன்" என்பார். அதோடு கெட்டது கதை. அடுப்பு, கொதிக்கும் அண்டா, சாலைப் போக்குவரத்து, இவற்றில் பெரியவர் தலையிட்டே ஆக வேண்டும். ஐஸ் தீர்ந்ததற்கெல்லாம் வேண்டாம். வராமல் போன கூட்டாளியிடம் நட்பு முறியாமல் "ஏன்டா வரல?" என்று கேட்கப் பழகுவதை எந்த முகாமிலும் சொல்லித்தர முடியாது.

நன்றாகப் பேசும் பிள்ளையையே எப்போதும் தலைவராக்குவது இன்னொரு தவறு. கணக்கைச் சரியாக எழுதும் அமைதியான பெண்ணிடமும் பொறுப்பு போகட்டும்.

அப்புறம் சான்றிதழ். அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. அதனால் பெற்றோர் சான்றிதழைத் துரத்துவது புரிகிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி போன்றது) படம் எடுத்துக்கொண்டு வந்தால் பிள்ளை எதைக் கற்கும்? 14 வயதில் சேரக்கூடிய அனுகெரா ரெமாஜா பெர்டானா என்ற இளைஞர் விருதுத் திட்டத்தில் வெண்கல நிலைக்கே குறைந்தது ஆறு மாதம் உழைக்க வேண்டும். அந்த நீளம் தேவைதான்.

எந்தப் பிரச்சினைக்குத் தொண்டு செய்வது என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். 1946–47இல் இதே பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்துக் கிளம்பியது. கண்ணெதிரே குடும்பங்கள் குடியால் அழிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். இன்றைய பிள்ளைகளையும் கேளுங்கள். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தம்பி தங்கைகள் மலாய்மொழியில் திணறுவதைச் சொல்வார்கள், அந்தக் கட்டத்தை இப்போதுதானே தாண்டி வந்திருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை கோயில் மண்டபத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவர்களே வகுப்பு நடத்தட்டும்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு ஆண்டு வந்ததும் படிப்பைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். பொறுப்பை அடுத்த செட்டிடம் ஒப்படைக்க இரண்டு மாதமாவது கொடுங்கள். வருகைப் பதிவு, கணக்குப் புத்தகம், மண்டபச் சாவி யாரிடம் என்பது வரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.