கென்டக்கி டெர்பி: இருபது குதிரைகளை எடைபோடுவது எப்படி?

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லூயிவில் நகரம், சர்ச்சில் டவுன்ஸ் மைதானம். 1875 முதல் ஒரு வருடம்கூட விடாமல் கென்டக்கி டெர்பி என்ற குதிரைப் பந்தயம் இங்கே நடந்துவருகிறது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டும், அதிகபட்சம் இருபது. மண் தரையில் பத்து ஃபர்லாங் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்), அதாவது 2000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த இரண்டு நிமிடத்துக்காக மார்ச் மாதமே நோட்டும் பென்சிலுமாக உட்காருகிறவன் நான். புதிதாக வருகிற நண்பர்கள் "எப்படிக் கணிக்கிறாய்?" என்று கேட்கும்போது வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொல். கிண்டி ரேஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு 'ஹாண்டிகேப்' என்றால் குதிரை சுமக்கும் எடை: நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று எல்லாவற்றையும் சமமாக்குவது. அமெரிக்காவில் அந்தப் பொருளும் உண்டு. ஆனால் யார் ஜெயிப்பார் என்று அலசிக் கணிப்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். இங்கே நாம் செய்யப்போவது இரண்டாவது. டெர்பியில் அப்படித் திறமைக்கேற்ற எடை வித்தியாசம் இல்லை. எல்லாக் குதிரைக்கும் 126 பவுண்டு, பெண் குதிரை ஓடினால் 121.

இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. சென்னை ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தத் திறமையைப் பழகத்தான் இந்தப் பதிவு. முதல் இரண்டு மூன்று டெர்பிகளை நோட்டில் மட்டும் கணியுங்கள், பணம் வைக்க வேண்டாம். பணம் உள்ளே வந்துவிட்டால் நாம் பார்க்க ஆசைப்படுவதுதான் கண்ணில் படும், இருப்பது படாது.

படி 1: பழைய ஓட்டங்களைக் கையில் எடுங்கள்

டெர்பிக்குள் நுழையப் புள்ளிகள் வேண்டும். ஃப்ளோரிடா டெர்பி, சான்டா அனிடா டெர்பி, லூசியானா டெர்பி, ஆர்கன்சா டெர்பி, உட் மெமோரியல், ப்ளூ கிராஸ் ஆகிய தகுதிப் பந்தயங்கள் ஒவ்வொன்றிலும் ஜெயித்தால் வழக்கமாக 100 புள்ளி. பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நடக்கும். இவற்றின் முடிவுத் தாள்கள் ஈக்விபேஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். டெய்லி ரேசிங் ஃபார்ம் பத்திரிகை ஒவ்வொரு குதிரையின் முழு வரலாற்றையும் வரிவரியாகத் தரும். அதற்குக் காசு கட்ட வேண்டும்.

அந்த வரிகளை முதலில் பார்த்தால் தலை சுற்றும். பயப்பட வேண்டாம். ஆரம்பத்தில் மூன்று விஷயம் போதும்: ஓட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் குதிரை எத்தனையாவது இடத்தில் இருந்தது, முன்னால் ஓடியதிலிருந்து எத்தனை லெங்த் தள்ளி இருந்தது, அந்தக் கட்டத்துக்கான நேரம் என்ன. லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம், ஏறக்குறைய எட்டு அடி. நேரக் கணக்கில் ஒரு லெங்த்தை ஐந்தில் ஒரு விநாடி, அதாவது 0.2 என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

படி 2: மு, ஒ, பி

நோட்டில் இருபது பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. கேட் திறந்ததும் பாய்ந்து தலைமை பிடிக்கிற குதிரைக்கு 'மு'. அதை ஒட்டியே இரண்டாவது, மூன்றாவது, நான்காவதாகப் போகிறதற்கு 'ஒ'. பின்னால் தங்கி, கடைசி வளைவில் கிளம்புகிறதற்கு 'பி'. கடைசி மூன்று ஓட்டங்களைப் பார்த்தாலே பழக்கம் புரிந்துவிடும்.

இந்த எழுத்துகளை நான் இவ்வளவு முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. "எது நல்ல குதிரை?" என்ற கேள்வியோடு தொடங்கினால் நான்கைந்து பெயர்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், அவை எல்லாமே நல்ல குதிரைகள்தான். "இந்த ஓட்டம் எப்படிப் போகும்?" என்று தொடங்கினால், அப்படிப் போகிற ஓட்டம் எந்தக் குதிரைக்குத் தோதானது என்பது தானாக வெளிப்படும்.

படி 3: வேகம் எப்படிப் போகும்?

இதுதான் டெர்பியின் உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பட்டியலில் 'மு' ஒன்றே ஒன்று இருந்தால் அதைத் தொந்தரவு செய்ய ஆள் இல்லை. நிதானமாக ஓடி, கடைசிக்கு மூச்சை மிச்சம் வைத்துக்கொள்ளும். பிடிப்பது கஷ்டம். அதே 'மு' நான்கு ஐந்து இருந்தால் ஒன்றையொன்று விரட்டிக் களைத்துப்போகும். பின்னால் இருந்த 'பி' வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

2022 டெர்பியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்மர் இஸ் டுமாரோ என்ற குதிரை முன்னால் பாய்ந்தது, க்ரௌன் பிரைட் விடாமல் ஒட்டியது. முதல் கால் மைல் 21.78 விநாடி, டெர்பி வரலாற்றிலேயே அதுதான் மிக வேகமான தொடக்கம். அரை மைல் 45.36. பந்தயம் முடிந்த நேரம் 2 நிமிடம் 2.61 விநாடி. இப்போது கழித்துப் பாருங்கள். முதல் இரண்டு கால் மைல்களுக்குச் சராசரி 22.68 விநாடி. மீதி மூன்று கால் மைல்களுக்கு 77.25 விநாடி, சராசரி 25.75. கால் மைலுக்கு மூன்று விநாடி கூடுதல்! ஜெயித்த குதிரைக்குக் கிடைத்த கடைசி நேரத்தை வைத்தே இந்தக் கணக்கு. முன்னால் ஓடியவை இன்னும் மோசமாகத் தளர்ந்தன. சம்மர் இஸ் டுமாரோ இருபதாவதாக, கடைசியாக வந்தது.

அன்று ஜெயித்தது ரிச் ஸ்ட்ரைக். முந்தைய நாள் காலை ஒரு குதிரை விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த குதிரை அது. விலை 80-க்கு 1, அதாவது ஒரு டாலர் கட்டினால் 80 டாலர் லாபம். வீடியோவை மேலிருந்து எடுத்த கோணத்தில் பாருங்கள். வெளிக்கோடி வாயிலிலிருந்து கிளம்பி, ஜாக்கி சன்னி லியோன் அதை உள்பக்கக் கம்பி வேலி ஓரத்துக்குக் கொண்டுவந்து பின்கூட்டத்தில் தூங்கவைத்ததுபோல ஓட்டுகிறார். கடைசி வளைவில் களைத்து நிற்கிற குதிரைகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோப்பதுபோல நுழைந்து, திரும்பவும் கம்பியோரம் பிடித்து, எப்பிசென்டர், ஸாண்டன் என்ற குதிரைகளைத் தாண்டுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, ரிச் ஸ்ட்ரைக்கை முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா? பெயரைச் சொல்வது ரொம்பக் கஷ்டம். ஆனால் "முன்னால் சண்டை நடக்கும், பின்னாலிருந்து வருகிற குதிரைக்குச் சாதகம்" என்று நோட்டில் எழுதியிருந்தால், 'பி' குதிரைகளை ஒரு தடவை கூடுதலாகப் புரட்டியிருப்பீர்கள். அப்போது இந்தக் குதிரை இதே சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் முந்தைய செப்டம்பரில் 17¼ லெங்த்தில் ஜெயித்திருந்தது கண்ணில் பட்டிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2012 வரை டெர்பிக்கான தகுதியைப் பரிசுப் பணத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். குறுந்தூரப் பந்தயத்தில் சம்பாதித்ததும் சேரும். அதனால் குறுந்தூரக் குதிரைகள் உள்ளே வந்து வேகத்தை ஏற்றிவிடும். 2012-ல் அப்படி வந்த ட்ரினிபெர்க் விரட்ட, முன்னால் போன போடெமைஸ்டர் அரை மைலை 45.39-ல் கடந்து, கடைசி நேரத்தில் ஐ'ல் ஹாவ் அனதர் என்ற குதிரையிடம் சிக்கியது. 2013-ல் புள்ளி முறை வந்தது, குறுந்தூரக் குதிரைகள் குறைந்தன. அந்த வருடம் தொடங்கி ஆறு வருடமும் ஃபேவரிட்தான், அதாவது மக்கள் அதிகப் பணம் கட்டிய குதிரைதான் ஜெயித்தது. அவற்றில் 2014 முதல் 2018 வரை ஜெயித்த கலிஃபோர்னியா க்ரோம், அமெரிக்கன் ஃபரோ, நைக்விஸ்ட், ஆல்வேஸ் ட்ரீமிங், ஜஸ்டிஃபை ஐந்துமே தொடக்கத்திலிருந்து முதல் மூன்று இடத்துக்குள் ஓடியவை.

அதிலும் ஜஸ்டிஃபை ஒரு பாடம். 2018-ல் அரை மைல் 45.77, கொளுத்துகிற வேகம். அதை ஒட்டியே இரண்டாவதாக ஓடி, ஜெயிக்கவும் செய்தது. மிகச் சிறந்த குதிரைக்கு முன் நம் வேகக் கணக்கு தோற்றுப்போகும் என்பதையும் நோட்டில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பத்தாவது ஃபர்லாங்குக்கு மூச்சு இருக்கிறதா?

தகுதிப் பந்தயங்கள் பெரும்பாலும் ஒன்பது ஃபர்லாங். பத்தாவது ஃபர்லாங்கை அநேகமாக எந்தக் குதிரையும் அதுவரை ஓடியிருக்காது. எனவே ஒன்பதாவது ஃபர்லாங்கை எப்படி முடித்தது என்று பார்க்கிறோம். 13 விநாடிக்குள் முடித்தால் நல்லது என்பது பழைய ரேஸ்காரர்கள் வைத்திருக்கிற அளவுகோல்.

ஒரு கற்பனைக் கணக்கு. தலைமைக் குதிரை ஒரு மைலை 1:37.00-ல் கடந்து, 1:49.80-ல் முடித்து ஜெயித்தது. கடைசி ஃபர்லாங் 12.80. இன்னொரு குதிரை மைல் கம்பத்தில் மூன்று லெங்த் பின்னால் இருந்தது. ஒரு லெங்த்தில் தோற்றது. மூன்று லெங்த்துக்கு 0.6 சேர்த்தால் அதன் மைல் நேரம் 1:37.60. ஒரு லெங்த்துக்கு 0.2 சேர்த்தால் முடித்த நேரம் 1:50.00. கடைசி ஃபர்லாங் 12.40! தோற்ற குதிரைதான் முடிவில் வேகமாக ஓடியிருக்கிறது. இன்னொரு ஃபர்லாங் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு நட்சத்திரம் போடுவேன்.

உச்சபட்ச உதாரணம் 1973-ல் செக்ரட்டேரியட். ஐந்து கால் மைல்களையும் 25.2, 24, 23.8, 23.4, 23 என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாக ஓடியது. மொத்தம் 1:59.4. அந்தச் சாதனையை அரை நூற்றாண்டு தாண்டியும் ஒரு குதிரையும் முறியடிக்கவில்லை.

நேரங்களை மைதானத்துக்கு மைதானம் அப்படியே ஒப்பிட முடியாது. ஒரு தரை வேகமானது, இன்னொன்று கனமானது. அதைச் சரிக்கட்டித்தான் 'பையர் ஸ்பீடு ஃபிகர்' என்ற எண்ணை டெய்லி ரேசிங் ஃபார்ம் தருகிறது. புதியவர்கள் அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: எண் படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறதா? மூன்று வயதுக் குதிரை பதின்ம வயதுப் பையன் மாதிரி, மாதத்துக்கு மாதம் மாறும்.

படி 5: வீடியோ

ஒவ்வொரு குதிரையின் கடைசி ஓட்டத்தையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை முழுப் பந்தயம். இரண்டாம் முறை அந்த ஒரு குதிரை மட்டும். வளைவில் எத்தனையாவது வரிசையில் ஓடியது? ஒரு வரிசை மூன்று அடி என்று வைத்தால், அரைவட்டத்தில் 3 பெருக்கல் 3.14, ஏறக்குறைய ஒன்பதரை அடி கூடுதல் ஓட்டம். ஒரு லெங்த்துக்கும் மேல்! நான்கு வரிசை வெளியே இரண்டு வளைவு சுற்றி, இரண்டு லெங்த்தில் தோற்ற குதிரையைத் தோற்றதாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 2024-ல் மிஸ்டிக் டேன் இதைத் தலைகீழாகக் காட்டியது. ஜாக்கி பிரையன் ஹெர்னாண்டஸ் கம்பியை உரசுவதுபோல உள்ளே ஓட்டி மிச்சப்படுத்திய தூரம், மூக்கு நுனி வித்தியாசத்தில் வெற்றியானது.

படி 6: கேட், மழை

இவற்றுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். முதலாம் எண் வாயில் இடைஞ்சலானது; மற்ற குதிரைகள் எல்லாம் உள்ளே சாய்ந்து வரும். 17-ஆம் எண்ணிலிருந்து 2025 வரை எதுவும் ஜெயித்ததில்லை என்பதைப் பெரிதாகப் பேசுவார்கள். நான் அதை மதிப்பதில்லை. 2008-ல் பிக் பிரௌன் 20-ஆம் எண்ணிலிருந்தே ஜெயித்தது. இரண்டு வயதில் ஓடாத குதிரை ஜெயிக்காது என்றும் 1882-க்குப் பிறகு ஒரு விதியாகவே சொல்லிவந்தார்கள், ஜஸ்டிஃபை வந்து உடைக்கும்வரை.

மழை பெய்தால் ஈரத் தரையில் அந்தக் குதிரை முன்பு எப்படி ஓடியது என்று பாருங்கள். 2025-ல் சாவரின்ட்டி சேற்றுத் தரையில்தான் ஜெயித்தது.

படி 7: உங்கள் விலையைப் போடுங்கள்

இப்போது மிஞ்சிய ஐந்தாறு பெயர்களுக்கும், மற்றவற்றை ஒரே கூட்டமாகச் சேர்த்தும், மொத்தம் 100 வருமாறு சதவீதம் கொடுங்கள். அப்புறம் போர்டு விலையோடு ஒப்பிடுங்கள். கணக்கு எளிது: 4-க்கு 1 என்றால் ஒன்றை ஐந்தால் வகுக்க, 20 சதவீதம். 12-க்கு 1 என்றால் 7.7 சதவீதம். 80-க்கு 1 என்றால் 1.2. எல்லாக் குதிரைக்கும் கூட்டினால் போர்டு விலை நூறைத் தாண்டும். அந்தக் கூடுதல் மைதானத்தின் பங்கு. நீங்கள் 15 கொடுத்த குதிரைக்கு மக்கள் 7.7தான் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அங்கே நிறுத்தி யோசியுங்கள். யார் எதைத் தவறவிட்டது, நீங்களா அவர்களா? ஒவ்வொரு படியையும் திரும்ப ஒரு முறை பாருங்கள். உங்கள் காரணம் அப்போதும் நின்றால் அதுதான் உங்கள் குதிரை.

பந்தயம் முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். படி 3-ல் எழுதியதற்கு எதிரே உண்மையான அரை மைல் நேரத்தை எழுதுங்கள். பெயர் தப்பினாலும் வேகக் கணிப்பு சரியாக இருந்ததா என்று பாருங்கள். நான் முதலில் தேறியது அதில்தான். பெயர் சரியாக வர அதற்கப்புறமும் காலம் ஆனது. இப்போதே தொடங்க நினைத்தால், முடிவு தெரியாத ஒரு பழைய வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருடத்துத் தகுதிப் பந்தய வீடியோக்களை மட்டும் முதலில் பாருங்கள். டெர்பி வீடியோவைக் கடைசியில், நோட்டில் சதவீதம் போட்டு முடித்த பிறகு திறங்கள்.