ரீகால் கடிதம் வீடு தேடி வரும் என்று காத்திருக்காதீர்கள்

அல்சூரில் எங்கள் தெருவில் நிற்கும் கார்களில் பாதி சேலம், தருமபுரி, வேலூர்ப் பக்கம் வாங்கியவை. வேலைக்காக பெங்களூரு வந்தபோது கூடவே வந்த வண்டிகள். சிலவற்றுக்கு கர்நாடகத்தின் கே.ஏ. நம்பர்கூட வந்துவிட்டது. ஆனால் ஷோரூம் கணக்கில் இருக்கும் முகவரியும் போன் நம்பரும் இன்னும் ஊரிலேயே இருக்கின்றன.

எதிர்வீட்டு அண்ணனுக்கு அதுதான் நடந்தது. முன்சீட் பெல்ட்டில் குறை இருக்கிறது, வண்டியைக் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறோம் என்று நிறுவனம் அனுப்பிய ரீகால் கடிதம் தருமபுரி வீட்டுக்குப் போயிருக்கிறது. ஏதோ இன்சூரன்ஸ் விளம்பரம் என்று நினைத்து அவருடைய அம்மா அதை டிவிக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. அதுவரை ஐந்து மாதம், அந்த சீட்டில் மகளை உட்கார வைத்து சில்க் போர்டு வழியாக தினமும் போய்வந்திருக்கிறார்.

நிறுவனத்துக்கு வண்டியைத் தெரியும், இப்போது அதை ஓட்டுகிறவரைத் தெரியாது. ரீகால் என்பது சேஸிஸ் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணை வைத்து நடப்பது. கைமாறி வந்த வண்டியென்றால் கடிதம் பழைய உரிமையாளருக்குத்தான் போகும். அதனால் நாமே தேடிப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டால், உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். இதைத் தப்பாக அடித்துவிட்டு, ‘நம்ம வண்டி இல்லை’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

ஒருமுறை பார்த்தால் போதும் என்பதும் தவறு. 2024 அக்டோபரில் ஹோண்டா ஃபியூயல் பம்புக்காக 90,468 கார்களை ரீகால் செய்தது. அதோடு இன்னும் 2,204 பழைய மாடல் கார்கள். முன்பு எப்போதோ ரிப்பேரின்போது மாற்றிய ஸ்பேர் பம்ப் மூலமாக அவையும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். எந்தப் பாகம் மாற்றினாலும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

‘வண்டி நல்லாத்தானே ஓடுது?’ இதைத்தான் அதிகம் கேட்கிறேன். டகாடா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஏர்பேக் விஷயம் ஒன்று போதும் இதற்குப் பதில் சொல்ல. அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் கருவியில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. பல வருடம் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் கிடந்தால் அது கெட்டுப்போகும். விபத்து நடக்கும் நொடியில் அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளை ஓட்டுகிறவர் முகத்தை நோக்கி வீசும். அதுவரை எந்தச் சத்தமும் இருக்காது, எந்த விளக்கும் எரியாது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் ரீகாலுக்கு உள்ளாயின. இந்தியாவில் ஹோண்டா சிட்டியும் அந்த வரிசையில் வந்தது. ஃபியூயல் பம்பும் அப்படித்தான். உள்ளே சுழலும் சிறு பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி வீங்கினால், ஒருநாள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடலாம். பின்னால் லாரி வரும்போது எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிவிப்பின் பின்பாதியைப் படிக்காமல் விடுவது இன்னொரு தவறு. 2021 செப்டம்பரில் மாருதி, சியாஸ், எர்டிகா உள்பட 1,81,754 பெட்ரோல் வண்டிகளை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டை (இன்ஜினுக்கு உதவி, மின்சாரமும் தயாரிக்கும் பாகம்) சோதிக்க அழைத்தது. அந்த வேலை முடியும்வரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்ட வேண்டாம், மின்சாரப் பாகங்கள் மேல் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்றும் சொன்னது. மழை பெய்தால் பெல்லந்தூர்ப் பக்கம் அவுட்டர் ரிங் ரோடு என்ன கதியாகும் என்று நமக்குத் தெரியும். பாகம் வர வாரக்கணக்கில் ஆகலாம். ‘அதுவரை நான் என்ன செய்யக் கூடாது?’ என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு வையுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. ரீகால் வேலை இலவசம். வாரண்டி முடிந்திருந்தாலும் சரி, நீங்கள் இரண்டாவது உரிமையாளர் என்றாலும் சரி. சர்வீஸ் பில்லில் அதையும் சேர்த்துப் போட்டால் விடாதீர்கள்.

இனி புகார். நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான், நானும் விட்டிருக்கிறேன். வாங்கி ஒரு வருடம் ஆன என் செடான், யூ டர்ன் அடிக்கும்போது சில சமயம் ஸ்டியரிங் இறுகிக்கொள்ளும். சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் வாயால் விவரமாகச் சொன்னேன், அட்வைசரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ‘ஓட்டிப் பார்த்தோம் சார், ஒன்றும் இல்லை’ என்று வண்டியைத் திருப்பித் தந்தார்கள். நான்காவது முறை பழைய ஜாப் கார்டுகளை (நாம் சொல்லும் குறையை சர்வீஸ் சென்டரில் எழுதும் சீட்டு) வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் ‘ஜெனரல் செக்கப்’ என்று மட்டும் இருந்தது. ஸ்டியரிங் என்ற வார்த்தையே இல்லை. மூன்றிலும் கீழே என் கையெழுத்து.

அன்று கார்டில் நானே எழுதினேன்: ‘காலையில் வண்டி எடுத்த முதல் 10 நிமிடத்துக்குள், 15 கி.மீ. வேகத்துக்குக் கீழே, இடது பக்கம் முழுதாகத் திருப்பும்போது ஸ்டியரிங் இறுகுகிறது. வாரத்தில் இரண்டு முறை. நான்காவது தடவையாகச் சொல்கிறேன்.’ பக்கத்து சீட்டிலிருந்து மனைவி எடுத்த வீடியோவையும் மெயிலில் அனுப்பினேன். அதன்பிறகுதான் வண்டியை ராத்திரி அங்கேயே நிறுத்தி, காலையில் குளிர்ந்த நிலையில் எடுத்துப் பார்த்தார்கள். குறை தெரிந்தது, வாரண்டியில் பாகத்தை மாற்றினார்கள். முதல் நாளே எழுதியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

குறையை எழுதும்போது எப்போது, எந்த வேகத்தில், எத்தனை தடவை என்ற மூன்றும் இருக்கட்டும். நீங்கள் சொன்னது கார்டில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘குறை இல்லை’ என்று திருப்பித் தந்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். அப்புறம், அவசரப்பட்டு ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்கி வெளியே மாற்றிவிடாதீர்கள். அங்கே வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கழற்றிய பாகம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் குறை இருந்ததற்கு உங்களிடம் சாட்சி கிடையாது. வேறு வழியே இல்லாமல் மாற்றினால், போட்டோ எடுத்து, பழைய பாகத்தை வாங்கி வீட்டில் வையுங்கள்.

எங்கே புகார் செய்வது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 2012 முதல் இங்கே ரீகால் என்பது நிறுவனங்களின் சொந்த விருப்பமாக இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்து, விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், ரீகால் செய்யும்படி அரசே உத்தரவிடலாம். ஏழு வருடத்துக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். நிறுவனத்துக்கு அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஒரு மாடலுக்கு எத்தனை புகார் வந்திருக்கிறது என்ற எண்ணிக்கையை வைத்தே அரசு விசாரணையைத் தொடங்க முடியும். அதனால் பிரேக், ஸ்டியரிங், தீ, ஏர்பேக் போன்ற உயிர் சம்பந்தப்பட்ட குறையை வாட்ஸ்அப் குரூப்பில் கொட்டித் தீர்ப்பதோடு நிற்காமல், வண்டிப் பதிவுகளுக்கான அரசின் ‘வாகன்’ இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். ஏசி குளிரவில்லை, கதவு கடகடக்கிறது என்பதை அங்கே கொண்டுபோனால் எடுபடாது. அதற்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவை அங்கே வரும். வண்டியை ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். 10 முதல் 20 லட்சம் வரை விலை கொடுத்த வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். ஆனால் பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். ‘அடுத்த சர்வீஸில் சரி செய்கிறோம்’ என்ற பேச்சிலேயே அந்த இரண்டு வருடமும் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கார் வாங்குகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி. போட்டோவைக் கேட்டு வாங்கி சேஸிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ரீகால் பாக்கி இருந்தால் வண்டியே மோசம் என்று அர்த்தமில்லை. விற்பவரே அந்த வேலையை முடித்து, முடித்ததற்கான தாளோடு தரட்டும். வாங்கிய கையோடு உங்கள் பெயரையும் போன் நம்பரையும் நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு அண்ணன் தை மாதம் ஊரிலிருந்து திரும்பிய மறுநாளே அந்தக் கடிதத்தோடு போனார். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்து, காசும் வாங்கவில்லை. வரும்போது அல்சூர் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, கணினியில் ஏற்றினார்களா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.