காலையில் சேலம், இரவில் ரயில்: நடுவே ஏற்காடு போகும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து வந்து காலையில் சேலம் ஜங்ஷனில் இறங்கி, பகலில் ஏற்காடு பார்த்துவிட்டு, அன்றிரவே கோவைக்கோ கேரளத்துக்கோ ரயில் ஏறும் குடும்பங்கள் விடுமுறை நாட்களில் நிறைய. கப்பல் சுற்றுலாவில் துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கும் இதே நிலைதான். ஊர் பார்க்க ஒரு பகல் கிடைக்கும். திரும்ப ஏறும் நேரம் மட்டும் நம் கையில் இல்லை.

முதல் தவறு டிக்கெட் எடுக்கும்போதே நடந்துவிடும். சேலம் வழியாக மேற்கே போகும் ரயில்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் சேலத்துக்கு வருகின்றன. “சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி” என்று வீட்டில் பேசிக்கொள்வோம். ரயில்வே கணக்கில் அது ஞாயிறு 00.45. சனிக்கிழமை தேதி போட்டு எடுத்தால், நீங்கள் மலையேறும் முன்பே, அன்று விடியற்காலையிலேயே உங்கள் ரயில் போயிருக்கும். ஐந்து பேர் டிக்கெட்டும் வீண். இரவு 12 மணிக்கு மேல் என்றால் அடுத்த நாள் தேதிதான், இதை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பது நல்லது.

ஒரே நீண்ட டிக்கெட் எடுத்து நடுவில் சேலத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பயணத்தை இடையில் முறித்துக்கொள்ளும் சலுகை, புறப்பட்ட இடத்திலிருந்து 500 கி.மீ. கடந்த பிறகுதான் கிடைக்கும். சென்னையிலிருந்து சேலம் ஏறக்குறைய 335 கி.மீ. தான். ஆகவே இரண்டு டிக்கெட் தனித்தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

ஆட்டோவில் ஏறி “ஸ்டேஷன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். விருத்தாசலம் பாதையில் சேலம் டவுன், சேலம் மார்க்கெட் என்று வேறு நிலையங்கள் இருக்கின்றன. ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். அந்தப் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள். பெட்டிகளை ஜங்ஷனில் உள்ள கிளோக் ரூமில் (பயணிகளின் பெட்டிகளைப் பாதுகாத்து வைக்கும் அறை) வைப்பதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பூட்டு இருக்க வேண்டும். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். டிக்கெட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பிள்ளைகளின் ஸ்வெட்டர், மாற்றுத்துணி ஒரு செட், மருந்து இவற்றைப் பெட்டி வைப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஏழெட்டு டிகிரி குறையும். சேலத்து வெயிலில் நின்றுகொண்டு ஸ்வெட்டர் எதற்கு என்றுதான் தோன்றும்.

நேரத்தை ரயிலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் காலையிலிருந்து முன்னோக்கி எண்ணுகின்றன. “ஏழு மணிக்கு இறங்குகிறோம், பத்து இடம் பார்க்கலாம்.” கணக்கு தவறுவது இங்கேதான்.

இரவு 9.30க்கு ரயில் என்று வைத்துக்கொள்வோம். 9 மணிக்கு நடைமேடையில் நிற்க வேண்டும். பெட்டி எடுக்க, சாப்பிட, கைகால் கழுவ ஒரு மணி நேரம். எனவே 8 மணிக்கு ஜங்ஷன். ஏற்காடு ஏரியிலிருந்து ஜங்ஷன் சுமார் 30 கி.மீ. காலியான சாலையில் ஒன்றேகால் மணி நேரம் போதும். மாலையில் வளைவுகளில் மூடுபனி, கோரிமேடு, அஸ்தம்பட்டி பக்கம் நெரிசல் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் வையுங்கள். டயர் பஞ்சருக்கும் குழந்தையின் வாந்திக்கும் இன்னொரு மணி நேரம். மாலை 5 மணிக்கு ஏரியை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஞாயிறு என்றால் 4 மணிக்கே, ஏனென்றால் மேலே வந்த எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

கோடை விழா நடக்கும் மே மாதத்திலும், கூட்டம் மிகுந்த நாட்களிலும் போலீசார் பாதையை ஒருவழியாக்குவதுண்டு: அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். குப்பனூர் பாதை நகரின் கிழக்கே அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும். ஜங்ஷனோ மேற்கே. குறைந்தது அரை மணி நேரம் கூடும். ஏறும்போதே டிரைவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

காலையில் 8 மணிக்குக் கிளம்பினால் மேலே போய்ச்சேர 9.15. அங்கிருந்து 5 மணி வரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், படகுக்கு வரிசையில் நின்று ஓட்டி வர ஒரு மணி நேரம் போனால், கையில் இருப்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. மூன்று இடம் நிதானமாகப் பார்க்கலாம். பத்து இடம் என்றால் பிள்ளைகள் பார்ப்பது கார் ஜன்னலை மட்டும்தான்.

ஏறும்போது

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருவதற்குக் காரணம், உட்காதின் சமநிலை உறுப்பு “திரும்புகிறோம்” என்று சொல்ல, போனையோ முன்சீட்டையோ பார்க்கும் கண் “அசையவில்லை” என்று சொல்வது. ஆகவே போனை வாங்கி வைத்துவிட்டு, சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பூரியும் நெய்ப்பொங்கலும் வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து ஏறினால் போதும். வெறும் வயிறும் குமட்டும். வாந்தி மாத்திரை கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டியது. எட்டாவது வளைவில் போட்டுப் பயனில்லை. குழந்தைகளுக்கு என்ன அளவு என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாருங்கள். காது அடைத்தால் பெரியவர்கள் எச்சில் விழுங்கினால் போதும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்.

மேலே

வரிசை முக்கியம். பகோடா பாயின்ட் என்ற காட்சிமுனை மலையின் கிழக்கு விளிம்பில் இருப்பதால் காலையிலேயே அங்கே போய்விடுங்கள். அடுத்து ஏரி. படகுக்கு 11 மணிக்கு மேல் வரிசை நீளும். லேடீஸ் சீட் என்ற இன்னொரு காட்சிமுனை சேலம் பார்த்த பக்கம், இறங்கும் வழியை ஒட்டி இருக்கிறது. அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் அங்கே நின்றுவிட்டு மறுபடி அதே பக்கம் வருவது வீண் அலைச்சல். குரங்குகள் அங்கே அதிகம். கேரி பேக் சரசரக்கும் சத்தம் கேட்டாலே பாய்ந்து வரும். தின்பண்டத்தைத் துணிப்பையில் வைத்து மூடுங்கள், பிள்ளை கையில் பாக்கெட்டைக் கொடுத்து நிறுத்தாதீர்கள்.

கிளியூர் அருவியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பி வழியும் நீர்தான் அருவியாக விழுகிறது. கோடையில் ஏரி வழியாதபோது பாறை மட்டுமே இருக்கும். மழைக்குப் பிறகு தண்ணீர் நன்றாக இருக்கும், அப்போதுதான் ஆபத்தும். பாறையின் மேல் கரும்பச்சைப் பாசி காய்ந்ததுபோல் தெரியும்; ரப்பர் செருப்புக் கால் வைத்ததும் வழுக்கும். கடைசிப் பகுதி செங்குத்தான இறக்கம். இறங்க இருபது நிமிடம் ஆனால், முழங்கால் வலி உள்ள பாட்டியோடு ஏறி வர நாற்பது ஆகும். ரயில் பிடிக்க வேண்டிய நாளில், தாத்தா பாட்டியோ சிறு குழந்தையோ கூட இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

இறங்கும்போது

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறக்குவது பெரிய ஆபத்து. தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடாகி, திரவம் கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்க வேண்டும், வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாவது. கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டச் சொல்லி, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இதையெல்லாம் டிரைவரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

சீக்கிரம் கீழே வந்துவிட்டால் தட்டுவடை செட் சாப்பிடலாம்: இரண்டு சின்னத் தட்டைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்பும் பச்சையுமாகச் சட்னி. கட்டித்தரச் சொன்னால் ரயிலில் பிரிப்பதற்குள் ஊறி நமுத்துவிடும், நின்ற இடத்திலேயே சாப்பிடுங்கள்.

சேலத்தில் பல ரயில்கள் ஐந்து நிமிடத்துக்குள் கிளம்பிவிடும். உங்கள் கோச் எங்கே நிற்கும் என்று பலகையில் பார்த்து, அந்த இடத்திலேயே நில்லுங்கள். முதலில் ஒரு பெரியவர் ஏறட்டும், பிறகு பிள்ளைகள், பிறகு பெட்டிகள். கடைசியாக ஏற இன்னொரு பெரியவர் நடைமேடையில் நிற்கட்டும்.