முதுகின் மேல் ஒரு நூல்கண்டு

22 வருடமாகத் தையல் மெஷின் முன்னால் குனிந்தே பிழைப்பு நடத்துகிறேன். ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று வாரத்தில் வலி விட்டதும், அதற்காகச் செய்துவந்த பயிற்சியையும் விட்டுவிட்டேன். தீபாவளித் துணிகள் குவிந்து கிடந்த நேரம் பார்த்து மறுபடியும் பிடித்தது. முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் ஓடும் மல்டிஃபிடஸ் என்ற தசை, வலிக் காலத்தில் மெலிந்துவிடுகிறது. சிலருக்கு உள்ளே கொழுப்பும் படிகிறது. என் எம்.ஆர்.ஐ. படத்தில் அது கறிக்கடைத் துண்டில் ஓடும் வெள்ளைக் கோடுகள் போலவே இருந்தது. வலி போனாலும் அந்தத் தசை பலருக்குத் தானாகத் தேறுவதில்லை. அதைத் தேற்ற நான் பாயில் செய்யும் பயிற்சிகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தப்பினாலோ பாயை விரிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலையில் எழுந்தவுடன் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டுகள் நீர் கோத்து உப்பியிருக்கும். ஒரு மணி நேரமாவது நடமாடுங்கள்.

பாயில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி 10 விநாடி நில்லுங்கள். பிறகு மாற்றி. பக்கத்துக்கு 6 தடவை. கால் இடுப்பு உயரத்துக்கு வந்தால் போதும். தீர்ந்துபோன நூல்கண்டு ஒன்றை இடுப்பின் மேல் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். இடுப்பு சாய்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் வாரம் முழுக்கப் பாயில் உருண்டுகொண்டே இருந்தது; காலை நீட்டும்போது அல்ல, மடக்கும்போதுதான் விழும். ஆகவே மடக்குவதை மெதுவாகச் செய்யுங்கள்.

அடுத்து, மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குங்கள், 10 தடவை. தொடையின் பின்புறம் இழுத்துப் பிடித்தால் குதிகாலை உள்ளே நகர்த்துங்கள்.

ஒரு மாதம் கழித்துப் பாரம். பலரும் இதற்கு வருவதே இல்லை. பாரம் கூடாமல் தசை பருக்காது. அரை வாளித் தண்ணீர் எடுங்கள். முதுகை நிமிர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, வாளியை உடம்போடு ஒட்டித் தூக்கி இறக்குங்கள். 8 தடவை, வாரம் 3 நாள். சுலபமானால் ஒரு செம்பு தண்ணீர் சேருங்கள். மறுநாள் வலி கூடினாலோ காலுக்கு இறங்கினாலோ இரண்டு செம்பு குறையுங்கள்.

இடுப்பு பெல்ட்? உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி உண்டு, பெல்ட் வேண்டாம் என்றிருக்கிறது. என்னுடையது இப்போது வெட்டுத்துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறது.