பழைய நெல் கிடங்கில் விசேஷமா? முந்தின ராத்திரியே மேல் ஜன்னலைத் திறங்க

ஆரணி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் பழைய ரைஸ் மில் கிடங்கையோ நெற்களஞ்சியத்தையோ நிச்சயதார்த்தத்துக்கு, வளைகாப்புக்கு எடுக்கிறீங்கன்னா, கூலர் வாடகை பேசுறதுக்கு முன்னாடி ஓட்டுக்குக் கீழே இருக்கிற சின்ன ஜன்னல்களைப் பாருங்க. எலியும் குருவியும் நெல்லுக்கு வராம இருக்கப் பல இடத்தில் அதைச் சாக்கு, பலகை வைத்து அடைத்திருப்பாங்க. முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் அதையெல்லாம் எடுக்கச் சொல்லி, எதிரெதிர்க் கதவுகளையும் திறந்து வைங்க.

சூடான காற்று மேலே ஏறும். வழி அடைத்திருந்தால் ஓட்டுக்கடியிலேயே தங்கி மண்டபமே புழுங்கும். திறந்தால் மேலே வெளியேற, கீழே கதவு வழியா ராத்திரிக் குளிர்ச்சி உள்ளே வரும். கனமான செங்கல் சுவர் அந்தக் குளிர்ச்சியை மறுநாள் முற்பகல் வரை தாங்கும். வெயில் ஏறினதும் வெயில் படுகிற பக்கத்துக் கதவை மட்டும் சாத்துங்க, மேல் ஜன்னல் திறந்தே இருக்கட்டும். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற சித்திரை முகூர்த்தத்துக்கும் காலை விசேஷம்னா நாலஞ்சு பெடஸ்டல் ஃபேனே போதும். ஹோமப் புகையும் கண்ணைக் கரிக்காது.

ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்கு இது எடுபடாது. மதிய விருந்துக்கும் அவ்வளவாக உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும், திறக்காதீங்க. பக்கத்து அறையில் வைக்கோலோ உமியோ கிடந்தால் ஹோமத்தை வெளியே களத்தில்தான் வைக்கணும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.