திரும்பி வரும் டிக்கெட்டுக்கு எந்தத் தேதி போடுவது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறவர்கள், மகனோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வர துபாய் போகிறவர்கள் என்று வருவார்கள். கோயம்புத்தூரில் ஏறுவதா, கொச்சி நெடும்பாசேரியில் ஏறுவதா, எது சல்லிசு என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. அதெல்லாம் அப்புறம். அங்கே எந்தத் தேதி வரைக்கும் இருக்கலாம் என்பது தெரிந்தால்தான் திரும்பும் தேதி போட முடியும்.

"பத்து வருசத்துக்கு விசா குடுத்திருக்காங்களே, அப்புறமென்னங்க?" என்பார்கள். சுற்றிப் பார்க்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அமெரிக்க பி1/பி2 விசாவில் உள்ள 10 வருடம், அந்தக் காலத்துக்குள் அந்த நாட்டு வாசலில் போய் நிற்கலாம் என்பதற்கு மட்டும்தான். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும் இடத்தில் உள்ள அதிகாரி முடிவு செய்வார். வழக்கமாக 6 மாதம் கொடுப்பார்கள். அந்தத் தேதி ஐ-94 என்ற வருகைப் பதிவில் ஏறும். வீடு போய்ச் சேர்ந்ததும் மகளிடமோ மருமகனிடமோ சொல்லி இணையத்தில் அதை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கணவருக்கும் மனைவிக்கும் தனித்தனிப் பதிவு, இரண்டையும் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறது என்றால் அந்த நாளோடு நிறுத்திவிடுவதும் உண்டு. ஆகவே முடிய ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால், முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டிய அமெரிக்க விசா செல்லும், இரண்டையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தால் போதும்.

மற்ற நாடுகளில் கணக்கு வேறு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் இருக்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். மூன்று மாதம்தானே என்று ஜூலை 1 இறங்கி செப்டம்பர் 30 கிளம்பினால் 92 நாள் ஆகிவிடும். துபாய்க்கு 30 நாள், 60 நாள் என்று விசா வாங்குகிறோம், தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். ஆஸ்திரேலிய விசாக் கடிதத்தில் 8503 என்ற எண் இருந்தால், அங்கே இருந்துகொண்டு தங்கும் காலத்தை நீட்டிக் கேட்க முடியாது. கனடாவில் பிள்ளைகள் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ பெற்றிருந்தால், பெற்றோருக்கு சூப்பர் விசா கேளுங்கள். ஒரு தடவை போனால் 5 வருடம் வரை இருக்கலாம்.

இனி டிக்கெட். நீண்ட நாள் இருக்கப் போகிறவர்கள் தேதி மாற்ற முடியாத டிக்கெட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கவே கூடாது என்பேன். பிரசவம் தள்ளிப்போகும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகும், நாள் மாறத்தான் செய்யும். 'மாற்றக் கட்டணம் இல்லை' என்று போட்டிருந்தாலும் கட்டண வித்தியாசத்தைக் கட்டியாக வேண்டும். டிக்கெட்டில் ஓர் எழுத்து இருக்கும், அதுதான் நீங்கள் வாங்கிய கட்டண வகுப்பு. புதிய தேதியில் அதே எழுத்தில் இடம் இல்லையென்றால் அதைவிட மேலான கட்டண வகுப்பின் விலை வரும். ஓணம், கிறிஸ்துமஸ், வளைகுடாவில் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்த வித்தியாசம் கையைச் சுடும். விமான நிறுவனமே நேரத்தையோ தேதியையோ மாற்றினால், பணம் கட்டாமல் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்று அப்போதே கேளுங்கள்.

முதலில் போடும் திரும்பும் தேதியை, அனுமதி முடிய இரண்டு வாரமாவது மிச்சம் இருக்கும்படி வைப்பேன். கடைசி நாளில் வைத்தால், ஒரு காய்ச்சலோ விமான ரத்தோ போதும், சட்டத்தை மீறியவராகிவிடுவீர்கள். அமெரிக்காவில் ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாது. 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுக் கிளம்பினால் 3 வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தாண்டினால் 10 வருடமும் நுழையத் தடை. அவசியம் இருக்க வேண்டியிருந்தால், தங்கும் காலத்தை நீட்டிக் கேட்கும் ஐ-539 விண்ணப்பத்தை ஐ-94 தேதிக்கு 45 நாள் முன்பே போடச் சொல்கிறார்கள். டிக்கெட் தேதியை மட்டும் தள்ளிவிட்டால் தங்கும் அனுமதி தானாக நீளாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நல்லது.

மாற்றும்போது, டிக்கெட் போட்டுக் கொடுத்தவரிடமே முதலில் பேசுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், தவறினால் வராதவர் என்று எழுதி அதற்குத் தனி அபராதம் போடுவார்கள், சில டிக்கெட்டில் மொத்தப் பணமும் போகும். ஒரே பிஎன்ஆரில் இருவர் இருந்து அம்மா மட்டும் தங்குவதாக இருந்தால், முதலில் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். பணம் கட்டியதும் புதிய டிக்கெட்டை வாங்கி 13 இலக்க எண்ணைப் பாருங்கள். பழைய எண்ணே இருந்தால் இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது, டிக்கெட் இன்னும் மாறவில்லை என்று சந்தேகப்பட்டு உடனே கேளுங்கள். வீல்சேரும் சைவச் சாப்பாடும் மாற்றத்தில் விட்டுப்போகலாம், அவற்றைத் திரும்பச் சொல்லிப் போடவைக்க வேண்டும். முட்டி வலியோடு பெரிய விமான நிலையத்தில் விமானம் மாறுகிறவருக்கு வீல்சேர் இல்லாமல் முடியாது.

தேதி தள்ளினால் பயணக் காப்பீட்டையும், அது முடியும் முன்பே நீட்டிவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கூடுதலாகவே எடுத்துப் போங்கள். மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர் நவம்பரில் வெளிநாட்டில் இருப்பார் என்றால், உயிர்வாழ் சான்றிதழை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம், கிளம்பும் முன் வங்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.